சித்தூரிலிருந்து திருப்பதிவரை அடக்கிக்கொண்டு போனது

காலை 6.10. சித்தூர் பஸ் நிலையம். திருப்பதிக்கு எழுபது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பத்திரண்டு ரூபாய். பஸ் முழுக்க மலைக்குப் போகிறவர்கள். நான் மட்டும் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போனேன். எழுந்ததிலிருந்து ஒன்றுக்குப் போகவில்லை. லேபில் போனிலேயே அப்படிச் சொல்லியிருந்தார்கள்.

காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குவைத்தில் என் அறையில் இருந்த பலமனேர்க்காரன் முந்தின வாரம் போன் செய்தான். அவன் மனைவிக்குக் கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று இருந்ததாம். அவனைச் சோதித்தால் அவனுக்கும். எரிச்சல், வலி எதுவுமே அவனுக்கு இருந்ததில்லை. "அங்க காசு குடுத்து அந்தப் பொம்பளகிட்ட நாம ரெண்டு பேருந்தான போனோம். ஒனக்கு ஒண்ணும் இல்லேன்னு குந்திக்கினு இருக்காத," என்றான்.

நான் ஊர் திரும்பி எட்டு மாதம். மனைவி கஸ்தூரி ஆறு மாதக் கர்ப்பிணி, நகரியில் தாய் வீட்டில் இருந்தாள். பிரசவத்தில் குழந்தையின் கண்ணுக்கும் தொற்றலாம் என்று அவனுடைய டாக்டர் சொன்னாராம். அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் ஏது?

7.30. சந்திரகிரி. பஸ் பத்து நிமிடம் நின்றது. ஆண்கள் எல்லாரும் இறங்கி மதிலோரம் போனார்கள். கண்டக்டர் நீ இறங்கவில்லையா என்று தெலுங்கில் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். பக்கத்து சீட் தக்காளி வியாபாரி வேறு, மோர் குடி மோர் குடி என்று என் உயிரை வாங்கினார். வேகத்தடை ஒவ்வொன்றிலும் பல்லைக் கடித்தேன்.

8.15. திருப்பதி. லேபில் ஒரு பெண் குப்பியைக் கொடுத்தார். கூச்சத்தில் அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் கழிவறைக்கு ஓடினேன். குவைத் விசாவுக்கு எடுத்த மெடிக்கலில் எல்லாம் முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்வார்கள். கை அந்தப் பழக்கத்தில் அப்படியே செய்துவிட்டது.

குப்பியை நீட்டியதும் அவர் கேட்டார்: "மொதல்ல வந்ததத்தான புடிச்சீங்க?"

ஆமாம் என்றால் யாருக்குத் தெரியப்போகிறது? வெளியே ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மானம் போனது. ஆனாலும் தப்பான குப்பியில் நல்ல பதில் வந்து என்ன பிரயோசனம்?

"இல்லம்மா. மொதல்ல வந்தத விட்டுட்டேன்."

அவர் முகம் சுளிக்கவில்லை. கிருமி இருந்தால் முதலில் வருவதில்தான் அலசிக்கொண்டு வருமாம். குப்பியில் இருந்ததைக் கொட்டிவிட்டு, "பர்வாலேது சார். ரெண்டு மணி நேரம் போவாம இருந்துட்டு வாங்க," என்றார்.

அந்த இரண்டு மணி நேரத்தை மலையடிவாரத்தில், அலிபிரியில் கழித்தேன். ஆட்டோ முப்பது ரூபாய். முதல் படியில் கற்பூரம் ஏற்றி, செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு சனங்கள் ஏறத் தொடங்கினார்கள். நான் கல்லில் உட்கார்ந்து, கஸ்தூரியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ரிசல்ட் வந்த பிறகு சொல்லலாம், நல்லபடி வந்தால் சொல்லாமலே விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. சீ, என்ன புத்தி இது என்று எழுந்துவிட்டேன்.

10.40. இம்முறை முதல் துளியிலிருந்து பிடித்தேன். ரிசல்ட்டுக்கு நான்கு நாள். கிருமி இருந்தால் இரண்டு பேருக்கும் மாத்திரை, சரியாகிவிடும் என்றார் அந்தப் பெண்.

11.30. சித்தூர் பஸ்ஸை விட்டுவிட்டு நகரி பஸ்ஸில் ஏறினேன். புத்தூர் வழியாக இரண்டு மணி நேரம். நகரியில் தெருவெல்லாம் பவர்லூம் இரைச்சல். மாமியார் தறிக்குப் போயிருந்தார். கஸ்தூரி சோறு போட்டாள். நான் தட்டைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன், குவைத்தில் போன இடத்தையும் சேர்த்து.

அவள் அழவில்லை. நான் தொடாத தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"நாளைக்குத் திருப்பதிக்கு மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

ஐந்தரைக்கு என்றேன்.

"நானும் டெஸ்ட் எடுத்துக்கறேன். கொழந்த நல்லபடியா பொறக்கட்டும். உன்ன என்ன பண்றதுன்னு அதுக்கப்பறம் பாத்துக்கறேன்."