சம்பந்தமில்லாத ஆள்

எங்க வீட்டுக்காரருக்குன்னு ஒரு பேர் இருந்துச்சு, யாரும் கூப்பிட்டதுதான் இல்ல. எல்லாருக்கும் அவர் ‘மைதானம்’. ஃபுட்பால் கிளப்பில புல் வெட்டுறது, தண்ணி விடுறது, மேட்சுக்கு முந்தின நாள் சாயங்காலம் வெள்ளைக்கோடு போடுறது எல்லாம் அவர் வேலை. கல்யாணத்தன்னைக்கே, “இதோ வந்துடறேன்”னு கோடு போடப் போன மகராசன். வீட்டுல ஒரு ஆணி அடிக்க மாசக்கணக்காகும். அங்க கொஞ்சம் புல் காஞ்சா சோறு இறங்காது.

அந்தக் கிளப்புக்கும் லீக் நடத்துறவங்களுக்கும் முட்டிக்கிச்சு. மைதானம் சரியில்ல, வேற எங்கயாவது ஆடுங்கன்னாங்க. கிளப் முடியாதுன்னுச்சு. அப்போ லீக்ல இடமில்லைன்னுட்டாங்க. விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு. கோர்ட்டு அனுப்புற அதிகாரி வந்து பாக்குற வரைக்கும் மைதானம் இருக்கிறபடியே இருக்கணும், கிளப் ஆள் யாரும் கை வைக்கக் கூடாதுன்னு உத்தரவு.

இந்த மனுஷனுக்கு இருப்புக்கொள்ளல. “விருந்தாளி வர்ற வீட்டைப் பெருக்கி வைக்க வேணாமா?”ன்னு கேட்டார். பின்சுவர் ஏறிக் குதிச்சு, தண்ணி விட்டு, கோடும் போட்டுட்டு வந்து நிம்மதியாத் தூங்கினார். அட கிறுக்கு மனுஷா! ஆட்டமே இல்லாத மைதானத்துக்குக் கோடு எதுக்கு?

அதை லீக் ஆள் யாரோ போட்டோ எடுத்துட்டான். கோர்ட்டை மதிக்காத கிளப்போட வழக்கைத் தள்ளுபடி பண்ணுங்கன்னு அவங்க வக்கீல் ஒரே பிடி.

கிளப் செயலாளர் வீட்டுக்கு ஓடி வந்தார். “அண்ணே, நீங்க எங்க ஆளே இல்லைன்னு சொல்லிடுங்க. இல்லேன்னா கிளப் போச்சு.”

“அடுக்குமா இது?”ன்னு கத்தினேன். “நீ சும்மா இரு, என்னால வந்த வினை”ன்னுட்டார்.

கூண்டுல நின்னு சொன்னார்: “எனக்கும் கிளப்புக்கும் சம்பந்தம் இல்லீங்கய்யா. ஏதோ ஆசையில குதிச்சுட்டேன்.” நீதிபதி கண்டிச்சு அனுப்பினார். பிறகு கிளப் வழக்குல ஜெயிச்சிருச்சு.

முதல் மேட்சுக்குத் தேய்ச்ச சட்டையோட போனார். கேட்டுலயே செயலாளர் கையைப் பிடிச்சுக்கிட்டார். “அண்ணே, லீக் அப்பீல் போயிருக்கு. உங்களை உள்ள பாத்தா நாம சொன்னது பொய்னு ஆயிடும். அது முடியட்டும்.” திரும்பி வந்தவர் சட்டையைக்கூடக் கழட்டாம சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டார். எனக்கு வயிறெரிஞ்சுது.

அப்பீல் இழுத்துக்கிட்டே போச்சு. மேட்ச் நடந்தா கூச்சல் வீடு வரைக்கும் கேக்கும். “கோல் நம்மளுது”ன்னு சத்தத்தை வச்சே சொல்வார். நம்மளுதாம்! ஆத்திரமும் வரும், பாவமாவும் இருக்கும்.

போன மாசம் ஒரு காலையில அவர் எந்திரிக்கவே இல்ல. தெருவே கூடுச்சு, கிளப்பிலிருந்து ஒரு ஈ காக்கா வரல. மத்தியானம் செயலாளர் போன் பண்ணினார். “அண்ணி, தெருமுனை வரைக்கும் வந்துட்டேன். வக்கீல் வேணாங்கறார். தப்பா நினைக்காதீங்க.”

“இதுல தப்பா நினைக்க என்ன இருக்கு தம்பி? சம்பந்தம் இல்லாத வீட்டுக்கு யாராவது வருவாங்களா?”ன்னு போனை வச்சேன். அதுவரைக்கும் வராத அழுகை அப்பதான் வந்துச்சு.