லீவு முடியாத ராணுவக்காரர்

எல்லைச் சண்டையெல்லாம் பார்த்துவிட்டு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற என் கணவர், ஊரோடு வந்து ஒரு வருடம் ஆகிறது. நான் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அவர் இல்லாத காலத்தில் வீடு, மகள் படிப்பு எல்லாவற்றையும் ஷிப்டுக்கு நடுவே நானே பார்த்துப் பழகிவிட்டேன்.

ஒரு ஞாயிறு காலை தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. அவர் ஸ்பேனரை எடுத்தார்.

"உங்களுக்கு இன்னாங்க தெரியும்? நீங்க உக்காருங்க, மெக்கானிக் வருவாரு" என்றேன். ஸ்பேனரை வைத்துவிட்டு வெளியே போனார்.

மதியச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. செல்போன் வீட்டிலேயே கிடந்தது. அவருடைய ராணுவப் பையைக் காணோம் என்று மகள் சொன்னதும் வண்டிச் சாவியை எடுத்தேன். இருவரும் ஸ்கூட்டியில் வல்லக்கோட்டை கோயில் பக்கமெல்லாம் தேடினோம். கடைசியில் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கங்க கிளம்பினீங்க?"

"தெரில. நம்ம வூட்லயே லீவுல வந்தவனாட்டம் கீறேன். லீவு முடிஞ்சி எங்க போறதுன்னுதான் தெரில."

பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பிறகு மூவரும் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

"நீங்க உக்காருங்க" என்று இப்போது நான் சொல்வதில்லை. போன வாரம் மகளின் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு அவரையே அனுப்பினேன்.

"கணக்குல இவ்ளோ கம்மியா வாங்கிகினு கீறா, நீ இன்னா பாத்துகினு இருந்தே?" என்று சத்தம் போட்டபடி வந்தார். நானும் விடாமல் பதிலுக்குப் பதில் பேசினேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் நாங்கள் போட்ட முதல் சண்டை அது.