வைஜெயந்தியின் அகராதியும் ஒரு குண்டான் கஞ்சியும்

வைஜெயந்தியை உப்புக் கொட்டகையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'கலெக்டரம்மா' என்பார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளுக்கு அந்தப் பட்டம் வாங்கிக் கொடுத்தது அவள் போன். மரக்காணம் உப்பளத்து ஓரம், உப்பை உலர்த்தி அரைத்துப் பாக்கெட் போடும் கொட்டகை அது. எட்டுப் பெண்கள் வேலை. இடைவேளையில் மற்ற ஏழு பேரும் போனில் சீரியல் பார்க்கும்போது, இவள் மட்டும் மாத்திரை அட்டையையோ சோப்பு உறையையோ வைத்துக்கொண்டு, இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகத் தட்டி, தமிழில் என்ன என்று பார்ப்பாள். ஒரு நாளைக்கு மூன்று சொல், அதற்குமேல் இல்லை.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. மகள் பிரியங்கா படித்த இடத்தில் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்து கேட்டார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, "உங்களுக்குப் புரியாதும்மா, போடுங்க" என்றார் ஓர் அம்மையார். போட்டுவிட்டு வந்தாள். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை காது சுட்டது.

முதலில் போன் கடைக்காரர் ஒரு பெரிய அகராதியை ஏற்றிக் கொடுத்தார். அது திறந்ததும் ஈமெயில் கேட்டது, கடவுச்சொல் கேட்டது. அதையெல்லாம் தாண்டினால் நகைக்கடை விளம்பரம் திரையை அடைத்துக்கொண்டது. அதை மூடப் போனால் இன்னொன்று முளைத்தது. கடைசியில் அர்த்தம் வந்தபோது பன்னிரண்டு வரி, அதுவும் இங்கிலீஷில். இங்கிலீஷுக்கு இங்கிலீஷிலேயே அர்த்தம் சொல்ல நீ எதற்கு என்று அன்றைக்கே அழித்துவிட்டாள்.

பிறகு எதையோ தேடப்போய் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. வெள்ளைத் திரை, நடுவில் ஒரே ஒரு கட்டம். தட்டினால் கீழே பெரிய எழுத்தில் தமிழ். தப்பாகத் தட்டினால், 'இதையா தேடினீர்கள்?' என்று மரியாதையாகக் கேட்டது. உப்பளத்து நடுவில் சிக்னல் ஒற்றைக் கோடாக இருக்கும்போதும் திறந்தது. யார் நீ, எந்த ஊர், என்ன படித்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்றுக் கேட்ட சொல்லையே இன்றைக்கும் கேட்டாலும் சலித்துக்கொள்ளாமல் சொன்னது. தெரியாது என்று ஒப்புக்கொள்ள அவள் வெட்கப்படாத இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு நாள். கொட்டகைக்குப் பின்னால் விறகடுப்பில் எட்டுப் பேருக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ந்துகொண்டிருந்தது. கஞ்சிக்கு உப்புப் போடுவது வைஜெயந்தியின் வேலை. அவள் கை தப்பாது என்று பேர். உப்புக் கொட்டகைக்கு எவளாவது வீட்டிலிருந்து உப்பு கொண்டுவருவாளா? குவியலில் ஒரு கை அள்ளிப் போடுவதுதான் வழக்கம். அன்றைக்கு அரைவை மெஷின் ஓடாததால் குவியல் முழுக்கக் கல் உப்பு. உலர்த்தும் மெஷினுக்குப் பக்கத்தில், வாய் திறந்த ஒரு பையில் பொடி உப்பு இருந்தது. இரண்டு கை அள்ளிக் கொண்டுபோய்ப் போட்டுக் கலக்கினாள். அந்தக் கொட்டகையில் பதினோரு வருஷமாக வெள்ளையாக இருந்ததெல்லாம் உப்புதான். சந்தேகம் எங்கிருந்து வரும்?

பை வாய் திறந்துகிடந்தால் கடல்காற்றில் உப்பு நீர்த்துவிடும். அதற்காகத்தான் திரும்பப் போய் அதைச் சுருட்டிக் கட்டினாள். கட்டும்போது பை திரும்பிக்கொண்டது. சுவர்ப்பக்கம் இருந்த அச்செழுத்து முன்னால் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். இன்றைக்கு மூன்று சொல் கிடைத்தது என்று சந்தோஷமாகப் போனை எடுத்தாள்.

சிவப்பில் இருந்த சொல்லை முதலில் தட்டினாள். டி, ஓ, எக்ஸ், ஐ, சி. சிறிய வட்டம் சுற்றியது. பிறகு கீழே வந்தது: 'நஞ்சுள்ள.'

யாரோ எலிமருந்தை இங்கே வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அந்த நினைப்பு முடிவதற்குள் உள்ளங்கையில் ஒட்டியிருந்த வெள்ளைத் துகள் கண்ணில் பட்டது. அடுத்த நீளமான சொல்லை அவசரமாகத் தட்டினாள். எழுத்து தப்பியது. 'இதையா தேடினீர்கள்?' என்றது பக்கம். ஆமாம் என்று அமுக்கினாள். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பின்பக்கம் டம்ளர்கள் மோதும் சத்தம் கேட்டது.

'விழுங்கப்பட்ட.'

போனைக் கையில் பிடித்தபடியே ஓடினாள்.

"குடிக்காதீங்கடி! யாரும் குடிக்காதீங்க!"

"ஏன், கலெக்டரம்மா வந்து ரிப்பன் வெட்டணுமா?" என்று சிரித்துக்கொண்டே திரௌபதி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள். வைஜெயந்தி அதைத் தட்டிவிட்டாள். அதோடு நிற்காமல் குண்டானை எட்டி உதைத்தாள். மீதிக் கஞ்சி மணலில் ஓடியது. பசியோடு உட்கார்ந்திருந்தவர்கள் வாயில் வராத வசவு இல்லை.

"பையில இருந்தது உப்பு இல்லடி, விஷம்! நான்தான் அள்ளிப் போட்டேன்!"

சத்தம் கேட்டு சூப்பர்வைசர் கலியபெருமாள் வந்தார். "எந்தப் பை? மெஷின்காரன் நேத்து வெச்சிட்டுப் போனானே, அதுவா? ஏம்மா, அது துருப்பிடிக்காம இருக்க மெஷின் தண்ணியில கலக்குற பவுடரு. விஷம்னு உனக்கு யார் சொன்னது?"

அவள் போனை நீட்டினாள். அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இத நம்பியா ஒரு குண்டான் கஞ்சிய கவுத்த?"

அவள் ஒவ்வொரு டம்ளராக எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு டம்ளர் நிரம்பிக் கிடந்தன, இல்லையென்றால் மணலில் கொட்டிக் கிடந்தன. ஒன்று மட்டும் சுத்தமாகக் காலியாக இருந்தது. அது செல்லம்மாளுடையது. சர்க்கரை மாத்திரை போடுகிறவள் என்பதால் அவளுக்கு எப்போதும் முதல் டம்ளர்.

"எனக்கு ஒண்ணுமில்லடி, லேசா தலை சுத்துது, வெயிலு" என்றாள் செல்லம்மாள். அவள் உதடு நாவற்பழம் தின்றதுபோல் நீலமாகிக்கொண்டிருந்தது.

அதற்குப்பிறகு யாரும் போனைப் பற்றிப் பேசவில்லை. கலியபெருமாள் காரை எடுக்க ஓடினார். நான்கு பேர் செல்லம்மாளைத் தூக்கினார்கள். வைஜெயந்தி மட்டும் எதிர்ப்பக்கம் ஓடியதைப் பார்த்துத் திரௌபதி, "எங்கடி போற, பாவி!" என்று கத்தினாள். வைஜெயந்தி சாக்குப் பிரிக்கும் கத்தியால் பையில் எழுத்து இருந்த பக்கத்தை அறுத்து எடுத்துக்கொண்டு வந்து காரில் ஏறினாள். அதில் மீதியுள்ள சொற்களைத் தட்டிப் பார்க்க நேரமில்லை. படிக்கத் தெரிந்தவர்களிடம் கொடுக்கவாவது வேண்டும்.

மரக்காணம் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். "என்ன சாப்பிட்டாங்க?" என்றுதான் முதலில் கேட்டார். வைஜெயந்தி அறுத்த துண்டை நீட்டினாள். டாக்டர் படித்தார். முகம் மாறியது. ஆக்சிஜன் வைக்கச் சொல்லிவிட்டு, பாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, துண்டில் இருந்த ரசாயனத்தின் பெயரை இரண்டு முறை சொல்லி, இதற்கான மாற்று ஊசியை எடுத்து வையுங்கள் என்றார்.

ஆம்புலன்ஸில் வைஜெயந்தி கூடவே போனாள். கிழக்குக் கடற்கரைச் சாலை அன்றைக்கு நீண்டுகொண்டே போனது. செல்லம்மாளின் நகமெல்லாம் நீலம். கூப்பிட்டால் முதலில் 'உம்' என்றாள். பெரிய முதலியார்சாவடி தாண்டியபோது அதுவும் நின்றுபோனது. வைஜெயந்தி தன் வலது கையைப் பார்த்தாள். தப்பாத கை என்று பேர் வாங்கிய கை. அதை வெட்டிப் போட்டால்கூடத் தேவலை என்று இருந்தது.

ஊசி போட்டார்கள். பிழைத்துவிடுவார் என்று பொழுது சாயும்போது சொன்னார்கள். மறுநாள் காலையில்தான் உள்ளே விட்டார்கள்.

செல்லம்மாள் உதட்டில் பழைய நிறம் திரும்பியிருந்தது. வைஜெயந்தி கட்டிலருகே நின்றாள். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் அழுகைதான் வந்தது.

"ஏண்டி அழுவுற?" என்றாள் செல்லம்மாள். குரல் கரகரத்தது. "மொத வாயிலயே தெரிஞ்சிச்சுடி, உப்பு என்னமோ மாதிரி இருக்குதேன்னு."

"அப்பவே துப்பியிருக்கலாம் இல்லக்கா?"

"நீ போட்ட உப்பாச்சே. மூஞ்ச சுளிச்சா உன் மனசு கஷ்டப்படும்னு கண்ண மூடிக்கிட்டு முழுசா குடிச்சிட்டேன்."