அலுமாரிக்குள் மஞ்சள் இலை

எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னில், ஒரு வாசகம் எனக்கு மனப்பாடம்: "உள்ளூர் அனுபவம் போதாது." செடி, பயிர் என்று எங்கே வேலை விளம்பரம் வந்தாலும் விண்ணப்பித்தேன். ஐந்து இடங்களிலிருந்தும் அதே பதில்தான். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன் நான். புகையிலைத் தோட்டத்து வரம்பில் நின்றபடியே எந்த இலைக்கு என்ன குறை என்று சொல்வேன். இங்கே தொழிற்சாலையில் டயர் அடுக்கிக்கொண்டிருந்தேன். என் தோல்தான் இவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று மனைவியிடம் பொருமுவேன். அவளும் அதை அப்படியே நம்பினாள்.

பிரன்சுவிக் பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்னறையில் வெள்ளைக்காரத் தாடிக்காரன் ஒருவன் வாடகைக்கு இருந்தான். ஒரு சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் உடுப்பு அலுமாரியைத் திறந்தான். சட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில், ரியூப்லைட் வெளிச்சத்தில், பெயின்ற் வாளி ஒன்றில் இடுப்பளவுக்கு ஒரு கஞ்சாச் செடி. அடி இலைகள் மஞ்சளாகியிருந்தன. எனக்குச் செடி வைத்தியம் தெரியும் என்று என் மனைவி அவனிடம் சொன்னாளாம்.

"கஞ்சாவோ! பொலிஸ் வந்தால் எங்களையும் சேர்த்தெல்லோ ஏத்துவான்" என்று, நான் வந்து சொன்னதும் அவள் தலையில் கைவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எண்டாலும் இந்த ஊரில ஒருத்தன் உங்களிட்ட வந்து கேட்டிருக்கிறான். சுகப்படுத்திக் காட்டுங்கோ" என்றாள்.

காட்டத்தான் நினைத்தேன். அந்த ஒற்றைச் செடி பச்சை பிடித்தால் ஐந்து கடிதங்களும் பொய் என்றாகிவிடும். சிறுபிள்ளைத்தனம்தான். ஆனால் அப்போது பிடித்துக்கொள்ள எனக்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை.

மஞ்சள் அடியிலிருந்து ஏறுகிறது, ஆகவே செடிக்குப் பசி என்று ஒரு பார்வையிலேயே தீர்ப்புச் சொன்னேன். மீன் உரம் கரைத்து ஊற்றினேன். அறை நாறியது, தாடிக்காரன் பொறுத்துக்கொண்டான். தினமும் வேலை முடிந்து வந்து நானே தண்ணீர் விட்டேன். இரண்டாம் வாரம் நடு இலைகளும் வெளுத்தன. மக்னீசியம் குறைவாக இருக்கும் என்று எப்சம் உப்புக் கரைத்து விட்டேன். இலைகள் தொங்கின. இன்னும் தண்ணீர் விட்டேன். மனைவி தினமும் கேட்பாள், "இண்டைக்கு எப்பிடி?" தேறுகிறது என்பேன்.

நாலாம் வாரம் செடி சாய்ந்தது. நிமிர்த்தப் பிடித்தபோது கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து, கூழாகி, புளித்த நாற்றம். வாளியைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு துளைகூட இல்லை.

எங்கள் செம்மண்ணில் கிணற்று நீரை இறைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மண் குடித்துவிடும். அந்த மண்ணில் மஞ்சள் என்றால் பசி, வாடல் என்றால் தாகம். வெயில் நுழையாத குளிர் அறையில், வாளிக்குள், ஒரு செடி மூழ்கிச் சாகும் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. இந்த ஊரில் ஜன்னலோரம் பூச்சட்டி வைத்திருக்கும் எந்தக் கிழவியும் முதலில் வாளியின் அடியைத்தான் பார்த்திருப்பாள். உள்ளூர் அனுபவம் போதாதுதான். அவர்கள் சொன்னது உண்மை என்று அலுமாரிக்கு முன்னால் குந்தியிருந்தபோது விளங்கியது. வெட்கத்தில் காது சுட்டது.

தாடிக்காரன் கோபிக்கவில்லை. வெறும் செடிதானே என்று சொல்லி, அலுமாரியில் மறுபடியும் சட்டைகளை மாட்டினான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள், "என்னப்பா, செடி பிழைச்சிட்டுதோ?"

"ஓம். பிழைச்சிட்டுது."

"நான் சொன்னனான்தானே!" என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய், ஒரு நாற்றுப் பண்ணையின் விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்தாள். எனக்காகக் கேட்டு வாங்கி ஒளித்து வைத்திருந்தாளாம். அவள் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு பார்த்திருக்க, ஒரு வரி விடாமல் நிரப்பினேன். மறுநாள் தொழிற்சாலைக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

பதிலே போடாத மனிதர்கள் என்று அவள் மாதக்கணக்கில் அந்தப் பண்ணைக்காரரைத் திட்டினாள். நானும் சேர்ந்து திட்டினேன்.