அஞ்சனக்கல்லில் விழாத நட்சத்திரம்

கேம்பிரிட்ஜில் வெதரல் ஐயா பெயர் ராஜாவின் சபை வரைக்கும் தெரியும். வால்நட்சத்திரம் எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும் என்று தாளில் கணக்குப் போட்டே சொன்ன மனிதர். ஆனால் அவர் அறைக்குப் பின்னால், தோட்டத்துச் சுவரை ஒட்டிய கொட்டகையில் உலை அணையாமல் எரிந்தது அவருடைய வேலைக்காரன் ஜேபஸ் பர்கிசுக்கு மட்டும்தான் தெரியும். கரி போட்டது அவன்தானே.

ரசவாதம் பண்ணுகிறார் என்று வெளியே கசிந்தால் கல்லூரியே சிரிக்கும், பாதிரிமார் முறைப்பார்கள், சட்டத்தை மீறித் தங்கம் பெருக்கப் பார்த்தான் என்று வழக்குகூடப் போடலாம். அதனால் ஐயா வாயைத் திறக்க மாட்டார். ஜேபசும் கேட்டதில்லை. கேட்காமல் கிடந்தால் என்றைக்காவது தானாகச் சொல்வார் என்று காத்திருந்தான். பொசுங்கின புருவத்தோடு வீட்டுக்குப் போனால் அவன் பெண்டாட்டி தாமசின் சிரிப்பாள்.

"ஊர்ல ஆம்பளைங்க அடுத்தவன் பொண்டாட்டியப் பாத்துக் கெட்டுப் போறானுங்க. நீ அடுத்தவன் அடுப்பப் பாத்துக் கெட்டுப் போற."

"உனக்கென்னடி தெரியும்? அது அடுப்பில்ல."

"பின்ன என்னவாம்?"

அது அவனுக்கும் தெரியாது. விலாங்கு மீனை வாயில் திணித்துக்கொண்டு பேச்சை முடித்தான்.

அப்புறம்தான் லண்டனிலிருந்து ஆம்புரோஸ் ஸ்லேட் ஐயாவிடம் தொழில் கற்க வந்து சேர்ந்தான். மருந்துக்கடைக்காரர் மகன். வெள்ளைக் கை, சரிகைக் கழுத்துப்பட்டை. ஐயா அவனை உலைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து லத்தீனில் குசுகுசுவென்று பேசினார். அவன் ஏதோ சொல்ல, ஐயா சிரித்தார். அத்தனை வருஷமாக ஐயாவின் பல்லை ஜேபஸ் பார்த்ததே இல்லை. கரிக்கூடையைத் தடாலென்று போட்டான்.

"மெதுவா, பர்கிஸ். என் பட்டையில கரி படுது," என்றான் ஸ்லேட்.

"கரி படாத இடம் வேணும்னா கோயிலுக்குப் போங்க, சின்னய்யா."

ஐயா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பெரிய வேலை ஒண்ணு தொடங்கப் போறேன். கூட ஒருத்தன்தான் இருக்கலாம். ரெண்டு பேரும் அஞ்சனக்கல்ல உருக்கி ஊத்துங்க. எவன் ஊத்தினதுல நட்சத்திரம் விழுதோ, அவன்கிட்ட எல்லாத்தையும் சொல்றேன்."

கண்மைக்கு அரைக்கிற அந்த அஞ்சனக்கல்லை இரும்போடு உருக்கிக் கூம்பு அச்சில் ஊற்றி ஆறவிட வேண்டும். கசடைத் தட்டி எடுத்தால் உலோகத்தின் முகத்தில் கதிர் கதிராக நட்சத்திரம் தெரியும். ஆறும்போது அசைந்தால் போச்சு. சுத்த மனசுக்காரனுக்குத்தான் அது விழும் என்பது ஐயாவின் நம்பிக்கை. ஜேபசும் அதையே நம்பினான்.

இரண்டு அச்சும் மணல் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. கோயில் மணி அடித்ததும் ஐயா ஜெபத்துக்குப் போனார். புகை தாங்காமல் ஸ்லேட் தோட்டத்துக்குப் போனான். ஜேபஸ் தன் மனசை ஒருமுறை தொட்டுப் பார்த்தான். அதில் சுத்தம் ஒரு துளியும் இல்லை. எனக்கு விழாது. அப்போ அந்த வெள்ளைக் கைக்கு மட்டும் விழுந்துவிடுமா? இடுக்கியை எடுத்து ஸ்லேட்டின் அச்சை ஒரு தட்டுத் தட்டினான். மனசு, மனசு என்றே கலங்கிக் கிடந்தவனுக்கு, இரண்டு அச்சும் ஒரே தட்டில் நிற்பதால் ஒன்றைத் தட்டினால் மற்றதும் ஆடும் என்பது புத்தியில் ஏறவே இல்லை.

திரும்பி வந்த ஐயா கசடைத் தட்டினார். ஸ்லேட்டுடையது வெறும் சாம்பல் நிறம். ஜேபசுடையதில் ஓர் ஓரத்தில் அழகாகக் கதிர் கிளம்பி, பாதியில் குலைந்து போயிருந்தது. அவனுக்கு விழத்தான் இருந்திருக்கிறது!

"தட்டு ஆடியிருக்கு. யாரு?"

"நான் வெளிய இருந்தேன்," என்றான் ஸ்லேட்.

ஜேபஸ் இடுக்கியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"ஒருத்தன் ஆட்டினான். ஒருத்தன் விட்டுட்டுப் போனான். ரெண்டு பேரும் வேண்டாம்," என்று ஐயா இருவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டார்.

ஸ்லேட் லண்டனுக்கு வண்டி ஏறினான். ஜேபசுக்குக் கரி சுமக்கிற வேலை மட்டும் மிஞ்சியது. கூடையை வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். உள்ளே ஐயா தனக்குத்தானே பேசுவது கேட்கும். வருஷங்கள் போயின. ஸ்லேட் மேல் இருந்த எரிச்சல் தணிந்து, எந்நேரமும் உள்ளே இருக்கிற அந்தத் தாழ்ப்பாள் மேல் வந்து உட்கார்ந்தது.

ஒரு செப்டம்பர் சந்தையில், ஏல் என்கிற பார்லிக் கள்ளைக் குடித்துக்கொண்டிருந்த கரி வியாபாரி கேட்டான்: "உங்க ஐயா அந்தக் கொட்டகையில என்னதான்யா பண்றாரு?"

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஜேபஸ் குரலைத் தாழ்த்தினான். "எனக்குத் தெரியும். ஆனா சொல்லக்கூடாது."

"கொடுத்து வச்சவன்யா நீ," என்று வியாபாரி வாய்க்குள் முணுமுணுத்தான்.

சந்தைக்குக் கூட வந்து அதைக் கேட்டிருந்த பெண்டாட்டி தாமசின், வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்கிட்ட மட்டுமாச்சும் சொல்லித் தொலையேன்."

"உன்கிட்டயும் கூடாதுடி."

அவள் முகம் கடுகடுவென்று ஆனது. அவனுக்கு அது வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.