மூடுபனியில் கூப்பிட்ட பெயர்

ஐரோப்பாவுக்குத்தான் போவதாக இருந்தது. இலையுதிர் காலத்தில் ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாடு நாடாக ஓட்டிப் போக வேண்டும் என்பது என் தோழியின் நெடுநாள் ஆசை. அவள் யாழ்ப்பாணத்துக்காரி. ஷார்ஜா தொழிற்பேட்டையில் இருவருக்கும் ஒரே அலுவலகம், அஜ்மானில் ஒரே கட்டடம். என் வீட்டுக்காரர் கப்பலில் வேலை செய்கிறார்; அவர் கடலில் இருக்கும் மாதங்களில் எனக்கு வீடு என்றால் அவர்களுடைய வீடுதான். மூன்று பேரும் விண்ணப்பித்தோம். எனக்கு விசா கிடைத்தது. அவளுக்கும் அவள் கணவருக்கும் கிடைக்கவில்லை.

அவள் முகம் வாடிப்போனதைப் பார்த்து அவள் கணவர்தான் சொன்னார்: "ரோடு இஞ்சயும் இருக்குத்தானே. குவைத் வரைக்கும் ஓடுவம்." அவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். குவைத்தில் ஃபஹாஹீல் என்ற ஊரில் அவருடைய பள்ளிக்கூட நண்பர் குடும்பத்தோடு இருந்தார். அமீரகத்திலிருந்து சவூதிக்குள் நுழைந்து, கடற்கரையை ஒட்டியே வடக்கே போனால் குவைத். எங்களுக்கு அதுவே பெரிய பயணம்.

வெயில் முறிந்து, காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டக்கூடிய மாதம் அது. இந்த ஊரில் அதுதான் மூடுபனி விழும் மாதமும். எனக்கு அது தெரியும். ஆனால் அஜ்மானில் நான் பார்த்த பனியெல்லாம் காலையில் பால்கனிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும் பனி.

முதல் இரவு, சவூதி எல்லைக்கு முன்னால், ருவைஸ் பக்கம் ஒரு விடுதியில் தங்கிவிட்டு விடிந்ததும் கிளம்பினோம். என் முறை, நான்தான் ஓட்டினேன். அண்ணா பக்கத்தில் உட்கார்ந்து போனை சார்ஜில் போட்டுவிட்டு, ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தோழி பின்னால் காலை நீட்டிப் படுத்திருந்தாள். சாலைக்கு மேலே இருந்த மின்பலகையில் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் எழுத்து மின்னியது. அதே நேரத்தில் மூன்று பேரின் போனும் ஒன்றாகக் கத்தியது. போலீஸின் மூடுபனி எச்சரிக்கை. தோழி திடுக்கிட்டு எழுந்தாள்.

"என்னது?"

"பனியாம். ஒண்டுமில்ல," என்றார் அண்ணா.

அவர் சொல்லி முடிப்பதற்குள் எதிரே இருந்த சாலை இல்லாமல் போனது. மெதுவாக மங்கி மறையவில்லை. ஒரு வெள்ளைச் சுவருக்குள் நாங்கள் நுழைந்துவிட்டோம். முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே வந்தேன், அதுவும் அணைந்ததுபோல் காணாமல் போனது. பிரேக்கை அழுத்தினால் பின்னால் வருகிறவன் இடிப்பான். அழுத்தாவிட்டால் முன்னால் நிற்பவனை நான் இடிப்பேன்.

முன்னால் எங்கோ 'டம்' என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"வலப்பக்கம் எடுங்கோ தங்கச்சி, மெல்ல, மெல்ல," என்றார் அண்ணா. சக்கரம் ஓரக்கோட்டின் மேல் ஏறி கரகரத்தது. சாலையோரத் தகரத்தடுப்பை ஒட்டி, கதவு திறக்கும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு நிறுத்தினேன். நான்கு பக்க விளக்கும் எரியவிட்டேன்.

"முக்கோணத்தைப் பின்னால வச்சிட்டு வாறன்."

"இறங்காதேங்கோ," என்றாள் தோழி.

"வைக்காட்டி ஆரும் வந்து அடிப்பினம். உடன வாறன்." டிக்கியைத் திறந்து எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்தார், மூடினார். பின்கண்ணாடி வழியாக அவர் முதுகைப் பார்த்தேன். சட்டையின் நீலம் சாம்பலாகி, பிறகு அதுவும் இல்லை.

உடனே வரவில்லை. நாங்கள் இருவரும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது பின்பக்கத்தில் டயர் கீறும் சத்தம் நீளமாக வந்து, இரும்பு நசுங்கும் சத்தத்தில் முடிந்தது. கண்ணாடி சிதறியது. ஒரு ஹாரன் அடிக்க ஆரம்பித்து நிற்கவே இல்லை.

தோழி இடப்பக்கக் கதவைத் திறந்தாள். சாலைப் பக்கம். அவள் கையை எட்டிப் பிடித்து இழுத்தேன். "இந்தப் பக்கம்! இந்தப் பக்கமா இறங்குடி!" வலப்பக்கமாக ஊர்ந்து இறங்கி, தடுப்பைத் தாண்டி மணலில் விழுந்தோம். டீசல் நாற்றம் அடித்தது. தலைமுடியெல்லாம் நனைந்து சொட்டியது.

"இஞ்சருங்கோ!" என்று அவள் கத்தினாள். "இஞ்சருங்கோ!"

அவள் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து பெயர் சொன்னதில்லை. நான் "அண்ணா! அண்ணா!" என்று கத்தினேன். எங்கள் குரல் எங்கள் முகத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. ஹாரன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

அவருக்கு போன் போட என் போனை எடுத்தேன். காருக்குள் அவர் போன் அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

பனிக்குள்ளிருந்து ஒரு பெரிய உருவம் வந்தது. அண்ணா என்று நினைத்து எழுந்தோம். லாரி ஓட்டும் பாகிஸ்தானிப் பட்டாணியர், தோளில் சால்வை, கையில் டார்ச். "சிஸ்டர், காடி மே மத் பைட்டோ! ரோடு பே மத் ஜாவ்!" என்று கத்தினார். வண்டிக்குள் உட்காராதே, சாலைக்குப் போகாதே என்று எச்சரித்தார். எனக்குத் தெரிந்த இந்தியில் ஒரு ஆள் பின்னால் போனார், வரவில்லை என்று சொன்னேன். டார்ச்சை அந்தப் பக்கம் அடித்தார். வெளிச்சம் நாலடியில் முடிந்தது. "சப்ர் கரோ பஹன்," என்றார், பொறுத்திரு என்று. முன்னால் யாரோ முனகும் சத்தம் கேட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

எத்தனை நேரம் நின்றோம் என்று எனக்குத் தெரியாது. அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, தகரத்தடுப்பின் மேல் கையை வைத்தபடி வெளிப்பக்கமாகவே பின்னால் நடந்தேன். கையை எடுத்தால் நானும் தொலைந்துபோவேன் என்ற பயம். கொஞ்ச தூரத்தில் தடுப்பு உள்ளே மடங்கி நசுங்கியிருந்தது. அதன் கீழே சிவப்பாக ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தேன். எங்கள் முக்கோணம். சக்கரம் ஏறி மூன்று துண்டாகக் கிடந்தது. அதற்கப்பால் ஒரு வேன் குறுக்கே நின்றது. அதன் அடியில் பார்க்க வேண்டும் என்று மனசு சொன்னது. நான் பார்க்கவில்லை. அப்படியே திரும்பி வந்தேன்.

"கண்டியோ?"

"ஒண்ணும் தெரியல. வந்துடுவாரு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். என் குரலில் என்ன கேட்டதோ, எழுந்து நின்றாள். மூச்சை இழுத்து, அவர் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. முதல் தடவை குரல் உடைந்தது. இரண்டாவது தடவை அவள் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு பெரிதாக வந்தது. மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டாள்.

பதில் வந்தது. சாலைப் பக்கமிருந்து இல்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால், பாலைவனத்துக்குள்ளிருந்து.

"நிக்கிறன்! இஞ்ச நிக்கிறன்!"

எனக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை, பயம்தான். அந்தத் திசையில் அவர் எப்படி இருக்க முடியும்?

"அங்கேயே நில்லுங்க அண்ணா! பேசிக்கிட்டே இருங்க!"

அவர் பேசிக்கொண்டே இருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் எண் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தர் கையை ஒருத்தர் விடாமல், சரிவில் இறங்கி மணலில் நடந்தோம். ஒட்டகம் சாலைக்கு வராமலிருக்க நெடுஞ்சாலை நெடுகப் போட்டிருக்கும் கம்பிவேலியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு நின்றார். கம்பி கிழித்து உள்ளங்கையில் ரத்தம்.

முக்கோணத்தை வைத்து நிமிரும்போது வெளிச்சம் பாய்ந்து வந்ததாம். தடுப்பைத் தாண்டிக் குதித்து, ஓடி, சரிவில் உருண்டிருக்கிறார். எழுந்தபோது சாலை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மோதின சத்தம் கேட்டது. "எங்கட கார் எண்டுதான் நினைச்சன்," என்றார். "நீங்கள் ரெண்டு பேரும் உள்ளுக்க." வேலி கையில் பட்டதும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். 'இஞ்சருங்கோ' என்ற சத்தம் கேட்டிருக்கிறது. தன் தலைக்குள் கேட்கிறது என்று நினைத்தாராம். "பேர் சொல்லிக் கூப்பிடேக்கதான் ஆரோ உண்மையாக் கூப்பிடினம் எண்டு விளங்கினது."

தோழி அவர் நெஞ்சில் அடித்தாள், இரண்டு மூன்று தடவை. பிறகு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

வெயில் ஏறியதும் பனி கலைந்தது. அப்போதுதான் நாங்கள் எதற்குள் நின்றோம் என்று தெரிந்தது. முன்னாலும் பின்னாலும் நசுங்கிய வண்டிகள். எங்கள் காருக்கும் பின்னால் நின்ற பிக்கப்புக்கும் நடுவே ஒரு ஆள் புக இடமில்லை. ஆனால் எங்கள் காரில் கீறல்கூட இல்லை. தடுப்பின் மேல் ஒரு மனிதர் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் அவருக்குப் போர்வை போர்த்தி அழைத்துப் போனார்கள். அவருக்கு என்ன ஆயிற்று, வேனில் வந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் விசாரிக்கவுமில்லை. அந்தப் பட்டாணியரைத் தேடினேன், காணவில்லை.

போலீஸ் வழிவிட்டதும் தோழி, "வீட்ட போவம்," என்றாள்.

"திரும்பினாலும் இதே ரோடுதான்," என்றார் அண்ணா. கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் வண்டியை எடுத்தேன்.

மறுநாள் ஃபஹாஹீலில் நண்பர் வீட்டில் மீன் பொரித்து வைத்துக் காத்திருந்தார்கள். சாப்பாட்டின்போது அண்ணா நடந்ததைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். வேலியைக் கட்டிப்பிடித்து எண் எண்ணியதை எழுந்து நின்று நடித்தே காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தோழி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டு, கழுவாமல் நின்றிருந்தாள்.

"அவருக்கு அது முடிஞ்சிட்டுது," என்றாள். "எனக்கு அந்த ஹாரன் இன்னும் நிக்கேல்ல."

எனக்கும் நிற்கவில்லை. அவளிடம் சொல்லவில்லை. அந்த வேனுக்கு அடியில் நான் பார்க்காமல் திரும்பியதையும் அவளிடம் சொன்னதில்லை.

திரும்பி வரும்போது அந்தப் பகுதியை நடுப்பகலில்தான் கடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு ஓட்டினோம். நல்ல வெயில். கண்ணுக்கெட்டிய தூரம்வரை சாலை நேராகக் கிடந்தது. எந்த இடம் என்று பார்க்க வேகத்தைக் குறைத்தேன். மூன்று பேரும் வலதும் இடதும் பார்த்துக்கொண்டே வந்தோம். எல்லா இடத்திலும் அதே தடுப்பு, அதே சரிவு, அதே வேலி. கண்டுபிடிக்க முடியவில்லை. "விடு, ஓடு," என்றாள் அவள் பின்னாலிருந்து. வேகத்தைக் கூட்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை; லாரிகள் ஹாரன் அடித்துத் தாண்டிப்போக, வலது ஓரமாகவே ருவைஸ் வரை ஓட்டினேன்.