கப்பல் திரும்புவதற்குள் ஒரு டிரம்பெட்

மூன்று டிரம்பெட்டுகளை ஒரே சமயத்தில் வீட்டில் வைத்திருக்கும் பாக்கியம் எனக்கு வாழ்நாளில் நான்கு நாள்தான் வாய்த்தது. அறுபதுகளில், போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் பக்கம் நாங்கள் குடியிருந்த தகரக் கூரை வீட்டில். நான் வனத்துறையில் குமாஸ்தா. சாயங்காலங்களில் பேண்டில் டிரம்பெட் ஊதுவேன். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பஞ்சாபிக்காரர் ஒருவர் எங்களுக்கு மாஸ்டர்.

குடியரசு தினத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த மார்ச் இசையில் மூன்று விரலும் படபடவென்று ஓட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கே நான் தவறாமல் தடுக்கி விழுவேன். "வாத்தியம் பழசு மாஸ்டர்ஜி" என்று ஒவ்வொரு தடவையும் பழியை அதன் மேல் போடுவேன். ஒருநாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. வாத்தியத்தை மாற்று, இல்லையென்றால் பின்னால் போய் டிரம் அடி என்று எல்லார் முன்னாலும் இந்தியில் சொல்லிவிட்டார். எட்டு வருஷம் முதல் வரிசையில் நின்றவன் நான்.

அபர்தீன் பஜாரில் கடை வைத்திருந்த பாய் கல்கத்தாவிலிருந்து மூன்றை வரவழைத்துக் கொடுத்தார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அதே கப்பலில் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. கப்பல் நான்கு நாள் நிற்கும்.

"நல்லா ஊதிப் பாத்து எடுங்க சார். கப்பல் கெளம்பிட்டா அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றார்.

ஒன்று மீரட்டில் செய்த புதுசு, கையில் கனத்தது. இன்னொன்றும் புதுசுதான், ஆனால் மெல்லிய தகடு. மூன்றாவது வெளிநாட்டில் செய்தது, யாரோ ஊதிய பழசு, வெள்ளி முலாம். என் பழைய ஊதுவாயையே மூன்றிலும் மாற்றி மாற்றிப் பொருத்தினேன். வாய் ஒன்று, மூச்சு ஒன்று. அப்படியும் மூன்றும் எப்படி வேறு வேறாகப் பேசுகின்றன? எனக்கு அது தீராத ஆச்சரியம்.

என் மனைவியை எனக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மீரட்டை ஊதினேன். "இது அதட்டுது" என்றாள். மெல்லியதை ஊதினேன். "இதுக்குச் சளி பிடிச்சிருக்கு." வெள்ளியை ஊதியபோது அவள் கையில் கத்தி நின்றது. "இது யாரையோ கூப்பிடுதுங்க" என்றாள். வரிசையைக் கலைத்து மூன்று தடவை ஊதினேன். மூன்று தடவையும் அவள் சரியாகச் சொன்னாள்.

தகரக் கூரைக்கு அடியில் எதுவுமே சத்தமாகத்தான் கேட்கும் என்று வெளியே மேட்டுக்கும் கொண்டுபோனேன். மெல்லியதைக் காற்று தின்றுவிட்டது. மீரட்டின் குரல் நெடுந்தூரம் போயிற்று. வெள்ளி அவ்வளவு தூரம் போகவில்லை, ஆனால் போன வரைக்கும் குரல் உடையவில்லை. ஊத வேண்டும் என்று நினைப்பதற்குள் ஒலித்தது. எனக்கு அதன்மேல் பைத்தியமே பிடித்துவிட்டது.

அந்த ஆசையில் அன்று சாயங்காலமே விரலால் அழுத்தும் அதன் மூன்று பிஸ்டன்களையும் கழற்றித் தேங்காய் எண்ணெய் தடவி மாட்டினேன். உப்புக்காற்றுக்குப் பயந்து தீவில் நாங்கள் பூட்டு, தையல் மெஷின், அரிவாள், குடைக்கம்பி எதையும் எண்ணெய் போடாமல் விட மாட்டோம். மெஷின் எண்ணெய் கப்பல் வந்தால்தான் வரும். தேங்காய் எண்ணெய்க்குக் குறைவே இல்லை. என் பழைய டிரம்பெட்டுக்கும் எட்டு வருஷமாக அதுதான்.

மூன்றாம் நாள் அந்த மார்ச்சை வாசித்துப் பார்த்தேன். வெள்ளியில் நடு பிஸ்டன் சோம்பலாக எழுந்தது. அதே இடத்தில் விழுந்தேன். மறுபடி விழுந்தேன். மீரட்டில் மடமடவென்று தாண்டிப் போய்விட்டேன். பழசு பழசுதான் என்று முடிவு கட்டினேன். சாத்தம் துறையில் வெள்ளியின் பெட்டி கப்பலேறும் வரை நின்று பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒத்திகையில், மீரட்டும் அதே இடத்தில் தடுக்கியது. மாஸ்டர் அதை என் கையிலிருந்து வாங்கி, பிஸ்டனை உருவி, முகர்ந்து பார்த்தார்.

"யே க்யா? நாரியல் தேல்?"

இதற்கும் தேங்காய் எண்ணெய்தான் என்று நான் தலையாட்டினேன். இதைத் தலையில் தேய், பிஸ்டனில் ஒட்டிக்கொள்ளும் என்று இந்தியில் கத்தினார். பேண்டே சிரித்தது. மண்ணெண்ணெயில் கழுவி, தன் சின்னக் குப்பியிலிருந்து தண்ணீர் மாதிரி இருந்த எண்ணெயை இரண்டு சொட்டு விட்டுக் கொடுத்தார். பிஸ்டன்கள் துள்ளின. எனக்கு வெள்ளியின் நடு பிஸ்டன் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பழையதைப் பரணிலிருந்து இறக்கி அதையும் கழுவினேன். அந்த இடம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. எட்டு வருஷமாக அதன் தலையில் பழியைப் போட்டிருக்கிறேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. பிராயச்சித்தமாக, குடியரசு தினத்தன்று புதியதை வீட்டில் வைத்துவிட்டு அதையே கொண்டுபோனேன். முதல் வரிசையில் நின்று ஒரு பிசகில்லாமல் வாசித்தேன். மாஸ்டர் முதுகில் தட்டினார்.

என் மனைவியும் கூட்டத்தில் நின்று கேட்டாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள்.

"ஒரு இடத்துலகூடத் தடுக்கலைங்க. ஆனா அது யாரையும் கூப்பிடலை."

எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது.